குமரப் பருவத்தின் மீது ஒரு வழக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல் துறை உள்ள இடங்களிலெல்லாம் பெரும்பாலும் குமரப் பருவ உளவியல் என்றொரு பாடமும் இருக்கும். ஏறத்தாழ 10 வயது முதல் 20 வயது வரையுள்ள காலத்தை ஆராய்வது அது. ஆசிரியப் பணியை நாடுவோர், செவிலியர், சமூகப் பணியாளர், சிறார் நீதிமன்றங்களில் அலுவல் புரிய எண்ணுவோர் எனப் பலரும் இதனைப் பயில்கின்றனர். பிற பாடங்களில் இல்லாத ஒரு விசித்திரம் இதில் உண்டு. நோய்களைப் பற்றிப் படிக்கும் மருத்துவ மாணவன் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வகுப்பில் அமர்ந்திருப்போருக்கு வயது 18, 19, 20. தாம் இன்னும் கரையேறி முடியாத ஆற்றின் ஆழத்தை அளந்து சொல்லுமாறு அவர்கள் கேட்கப்படுகின்றனர்.

இதனால்தானோ என்னவோ, இப்பாடத்தை விரிவுரையால் மட்டும் நடத்தாமல் விவாதத்தால் நடத்தும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. ஒரே கேள்விக்கு ஆம் என்று ஓர் அறிஞரும் இல்லை என்று மற்றோர் அறிஞரும் எழுதிய கட்டுரைகளை அடுத்தடுத்து அச்சிட்டுத் தரும் நூல் வரிசைகள்கூட உள்ளன. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்னும் சகோதரர்கள் 1970களிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு முறை இவ்வகை வகுப்புகளுக்கு மிகவும் பொருந்துவது. மாணவன் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. அது அவனுக்கு ஒதுக்கப்படும். ஆதாரங்களைத் திரட்டிப் பேசுவான், மறுப்பைக் கேட்பான், மறுப்புக்கு மறுப்பும் சொல்வான். சூடு ஏறியிருக்கும் வேளையில் பக்கம் மாறும்படி பணிக்கப்படுவான். சற்று முன்பு தான் தாக்கிய கருத்தை, அதனை நம்புகிறவர் எவ்வளவு நேர்மையாக எடுத்துரைப்பாரோ அவ்வளவு நேர்மையாக அவனே எடுத்துரைத்தாக வேண்டும். இறுதியில் இரு தரப்பும் தத்தம் கொடிகளை இறக்கி வைத்துவிட்டு, இருவரும் ஒப்பக்கூடிய ஒரு முடிவைச் சேர்ந்து எழுத வேண்டும்.

அரபி மதரஸாக்களின் பழைய பாடத்திட்டத்தில் ‘முனாளரா’ என்னும் விவாதக் கலை ஒரு தனிப்பாடமாகவே இருந்து வந்தது. எதிராளியை வீழ்த்துவது அன்று, சரியானதை வெளிக்கொணர்வதே விவாதத்தின் நோக்கம் என்பது அக்கலையின் முதல் இலக்கணம். அதனை அறிந்தவர்களுக்கு ஜான்சன் சகோதரர்களின் முறை அந்நியமாகத் தோன்றாது. பக்கம் மாறிப் பேசச் செய்யும் அந்த ஒரு படி மட்டும் நம் ஊர்ப் பட்டிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. அது நிற்க.

இப்பாடத்தின் முதல் விவாதம் அநேகமாக இதுவாகவே இருக்கும்: குமரப் பருவம் இயல்பிலேயே ஒரு புயற்பருவமா?

ஆம் என்றவர் ஜி. ஸ்டான்லி ஹால். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் தலைவரும் கிளார்க் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் இவரே. 1904ஆம் ஆண்டில் குமரப் பருவத்தைப் பற்றி இரண்டு பெரும் தொகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டார். ஜெர்மானிய இலக்கிய இயக்கம் ஒன்றின் பெயரைக் கடன்வாங்கி, இப்பருவத்தைப் புயலும் நெருக்கடியும் நிறைந்த காலம் என வருணித்தார். மனித இனம் காட்டு வாழ்விலிருந்து நாகரிகத்திற்கு ஏறிவந்த படிகளை ஒவ்வொரு குழந்தையும் தன் வளர்ச்சியில் திரும்பவும் ஏறுகிறது என்பது அவரது கோட்பாடு. அக்கோட்பாட்டை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் அதன் மீது அவர் கட்டிய வருணனை மட்டும் ஒரு நூற்றாண்டைக் கடந்து நின்றுவிட்டது. ‘இந்த வயசே அப்படித்தான்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடும்போது அவர்கள் அறியாமலே ஹாலின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே சென்றார் சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்ட். குமரப் பருவத்தில் கொந்தளிப்பு இருப்பது இயல்பு என்பதோடு அவர் நிற்கவில்லை. கொந்தளிப்பே இன்றி அமைதியாக இருக்கும் பிள்ளையைக் குறித்துத்தான் கவலைப்பட வேண்டும் என்னும் பொருள்பட 1958இல் எழுதினார். சொன்னபடி கேட்கும் பிள்ளைக்கும் ஒரு நோய்ப்பெயர் கிடைத்தது!

இதற்கு மறுப்பு எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. சிகாகோ வட்டாரத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் டேனியல் ஆஃபர், மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை விட்டுவிட்டு, உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கும் சாதாரணப் பையன்களைத் தேடிச் சென்றார். 1969இல் அவர் வெளியிட்ட நூல், அவர்களில் பெரும்பாலோர் பெரிய கொந்தளிப்பு எதுவுமின்றியே வளர்ந்தார்கள் எனக் காட்டியது. தம் அறைக்கு வரும் நோயாளிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவருக்கு ஊரே நோயில் கிடப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

வகுப்பில் அனல் பறப்பது, ஆஃபர் பெயர் வரும்போதன்று. மார்கரெட் மீட் பெயர் வரும்போது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் போவாஸ் என்னும் மானிடவியல் பேரறிஞரின் மாணவியாயிருந்த மீட், 1925இல், தமது 23ஆம் வயதில், பசிபிக் பெருங்கடலின் சமோவாத் தீவுகளுக்குத் தனியே கப்பலேறினார். சில வாரங்கள் மொழி கற்றபின், தாவு என்னும் சிறு தீவில் மூன்று கிராமங்களின் பெண்பிள்ளைகளைக் கண்டு ஆராய்ந்தார். 1928இல் வெளிவந்த அவரது நூல் பெரும் புகழ் பெற்றது. சமோவாவில் குமரிப் பருவம் அமைதியாகக் கழிகிறது. அங்கே கூட்டுக் குடும்பம் விரிந்தது, ஒரு வீட்டில் மனத்தாங்கல் என்றால் பெண் மற்றோர் உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம். பிள்ளைகளைக் கலங்கடிக்கும் எண்ணற்ற தேர்வுகள் அங்கில்லை. ஆண் பெண் உறவிலும் கட்டுப்பாடு தளர்வானது. ஆகவே புயல் என்பது உடலின் விதியன்று, பண்பாட்டின் விளைவு. இதுவே அவரது முடிவு. ஓர் இடத்திலேனும் புயல் இல்லை என்று காட்டிவிட்டால் ஹாலின் பொதுவிதி உடைந்துவிடும் அல்லவா?

மீட் 1978இல் காலமானார். 1983இல் டெரக் ஃப்ரீமன் என்னும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக ஒரு மறுப்பு நூலை வெளியிட்டார். அவர் சமோவாவில் மீட்டைவிட நெடுங்காலம் தங்கியவர், அம்மொழியில் தேர்ந்தவர். சமோவா மக்கள் பெண்களின் கற்பொழுக்கத்தைப் பெரிதும் போற்றுகிறவர்கள். அங்கே தண்டனைகள் கடுமையானவை. இளைஞரின் குற்றங்கள் காவல், நீதிமன்ற ஏடுகளில் பதிவாகியுள்ளன. மீட் கண்ட சொர்க்கம் அவர் காண விரும்பிய சொர்க்கமே என்று வாதிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க மானிடவியல் சங்கம் அந்நூலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அறிவியல் கருத்து ஒன்றைக் கைதூக்கி வாக்கெடுப்பில் தீர்க்க முடியுமா என்று ஃப்ரீமனை ஏற்காதவர்கள்கூட முகம் சுளித்தனர். பின்னர் முதுமகள் ஒருவர், மீட்டிடம் தாமும் தம் தோழியும் அன்று வேடிக்கையாகச் சொன்னவற்றை அவர் உண்மையென நம்பிவிட்டார் என்று படமெடுத்தோர் முன் சாட்சி கூறினார். ஃப்ரீமன் அதனை வைத்து 1999இல் இரண்டாவது நூலையும் எழுதினார். 2009இல் பால் ஷாங்க்மன் என்னும் மானிடவியலாளர் ஃப்ரீமனின் ஆதாரங்களையே கூண்டில் ஏற்றினார். அந்த முதுமகளின் பேச்சு மீட்டின் ஆய்வுக்கு அடித்தளமாக இருந்ததே இல்லை என்று குறிப்பேடுகளைக் கொண்டு காட்டினார்.

இவ்விவாதத்தைச் செவ்வையாக நடத்தும் ஆசிரியர் ‘யார் வென்றார்?’ என்று கேட்பதில்லை. யார் சொன்னது, எந்தக் கிராமத்தில், எந்த மொழியில், கேட்டவருக்கு என்ன வயது, பதில் சொன்னவர் எதனை மறைக்க விரும்பியிருப்பார் என்று கேட்பார். தன்னைவிடச் சிறிதே மூத்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி குறிப்பேட்டோடு வந்து அந்தரங்கத்தைக் கேட்டால் 16 வயதுப் பெண் மெய்யைத்தான் சொல்வாளா என்பதற்கு, பேராசிரியரைவிட 18 வயது மாணவியே நன்றாகப் பதில் கூற வல்லவள். அறிவிப்பாளரை ஆராயாமல் அறிவிப்பை ஏற்காதே என்பது நம் வாசகர்களுக்குப் புதிய பாடமன்று.

விவாதம் எங்கே வந்து நின்றது? 1999இல் ஜெஃப்ரி ஆர்நெட் என்பவர் கேள்வியை மூன்றாகப் பிரித்தார்: பெற்றோரோடு பிணக்கு, மனநிலையின் ஏற்ற இறக்கம், ஆபத்தான செயல்களில் இறங்குதல். இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவன அல்ல. ஆயினும் வாழ்வின் பிற பருவங்களைவிட இப்பருவத்தில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். நாட்டுக்கு நாடு அளவும் வேறுபடும். இதுவே அவர் கண்ட முடிவு. பெரும்புயல் என்றவரும் தோற்றார், தென்றல் என்றவரும் தோற்றார்.

அதே ஆர்நெட் 2008இல் வெளியிட்ட ஒரு கணக்கு, இவ்வகுப்பின் பாடப்புத்தகங்கள் மீதே ஐயம் எழுப்பியது. 2003 முதல் 2007 வரை அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ்கள் சிலவற்றில் ஆராயப்பட்ட மாந்தரில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர். மேலைத் தொழில்வள நாடுகள் அனைத்தையும் சேர்த்தால் 96 விழுக்காடு. குமரப் பருவத்தினரின் தொகை உலகிலேயே மிகுந்த நாடு இந்தியா. ஏறத்தாழ 25 கோடிப் பேர். அவர்கள் எல்லாரும் மீதியுள்ள 4 விழுக்காட்டில் ஒரு மூலையில் அடங்கிவிட்டார்கள். ‘குமரப் பருவத்தினர் இப்படித்தான்’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் படிக்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த விவாதம் நேராக நம் அடுக்களைக்கும் கூடத்திற்கும் வருகிறது. பிள்ளையை உருவாக்குவது பெற்றோரா, கூட்டாளிகளா?

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை மூவகையாகப் பிரித்தார்: காரணம் கூறாமல் ஆணையிடுபவர், அன்போடும் காரணத்தோடும் கண்டிப்பாக இருப்பவர், எதையும் தடுக்காமல் விட்டுவிடுபவர். நடுவிலுள்ளோரின் பிள்ளைகளே நன்கு தேறுவதாக அவர் கண்டார். அவர் முதலில் ஆராய்ந்தது மழலைப் பள்ளிச் சிறாரையே. குமரப் பருவத்திற்குப் பிறர் அதனை விரித்தனர். 1994இல் ரூத் சாவ் என்னும் ஆய்வாளர் ஒரு முரண்பாட்டை எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மார்கள், பாம்ரிண்டின் அளவுகோலில் ஆணையிடும் வகையில் அதிக மதிப்பெண் பெறுகிறார்கள். அவர்களின் பிள்ளைகளோ பள்ளியில் சிறந்து விளங்குகிறார்கள். அளவுகோல் எங்கோ பிசகுகிறது! சீன மொழியில் ‘குவான்’ என்றொரு சொல் உண்டு. ஆளுதல் என்றும் பொருள், அக்கறையோடு பேணுதல் என்றும் பொருள். அந்தக் கண்டிப்பு பகையில் பிறந்ததன்று. உடனிருந்து பழக்குவதன் ஒரு கூறு என்றார் சாவ். நம் வீடுகளிலும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் இதனைக் கேட்டவுடன் பிரம்பைத் தேடி எடுக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை: சாவ் பேசியது அடியைப் பற்றியன்று. பிள்ளையின் பாடத்தோடும் உழைப்போடும் தாய் தன் நேரத்தைக் கலந்து செலவிடுவதைப் பற்றி. பிரம்புக்கு நேரம் செலவாவதில்லை.

பெற்றோர் கட்சி முழுவதையும் எதிர்த்து நின்றவர் ஜூடித் ரிச் ஹாரிஸ். 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் துறை, இவர் சுயசிந்தனையுள்ள ஆய்வாளராக மலரமாட்டார் எனக் கருதி முனைவர் பட்டப் படிப்பிலிருந்து நீக்கியது. கடிதத்தில் கையெழுத்திட்டவர் ஜார்ஜ் மில்லர் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர். நோயுற்று வீட்டிலிருந்தபடி பாடநூல்கள் எழுதிப் பிழைத்த ஹாரிஸ், 1995இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் 1998இல் ஒரு நூலும் வெளியிட்டார். மரபணுவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பிள்ளையின் ஆளுமையில் பெற்றோரின் வளர்ப்பு நிலையான தடம் எதையும் பெரிதாக விடுவதில்லை. அதனைச் செதுக்குவது கூட்டாளிகளின் கூட்டமே என்பது அவர் வாதம். வேற்று நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகள் தாயின் உச்சரிப்பைக் கைவிட்டுத் தோழர்களின் உச்சரிப்பைப் பெறுவதை அவர் சான்றாகக் காட்டினார். அக்கட்டுரைக்கு அமெரிக்க உளவியல் சங்கம் அளித்த விருதின் பெயர் என்ன தெரியுமா? ஜார்ஜ் மில்லர் விருது!

எதிர்த் தரப்பினரும் வலுவாகவே விடையளித்தனர். பெற்றோரின் நடைமுறையைப் பயிற்சியால் மாற்றிப் பார்த்த சோதனைகளில் பிள்ளைகளின் நடத்தையும் மாறியது என்றனர். எந்தத் தெருவில் குடியிருப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்வதன் மூலம் கூட்டாளிகளைப் பொறுக்கித் தருவதே பெற்றோர்தாமே என்றும் கேட்டனர். ஹாரிஸ் மிகைப்படுத்தினார் என்பதே என் எண்ணம். ஆயினும் பிள்ளையின் ஒவ்வொரு குறைக்கும் ‘வளர்த்த லட்சணம்’ என்று தாயை மட்டும் குற்றவாளியாக்கும் உறவினர் கூட்டத்தின் வாயை அவர் சற்று அடைத்தார். அதற்காகவே நம் சகோதரிகள் அவரை வாழ்த்தலாம்.

ஒழுக்க வளர்ச்சியைப் பற்றி லாரன்ஸ் கோல்பெர்க்குக்கும் கேரல் கில்லிகனுக்கும் நடந்த விவாதமும் பாடத்தில் உண்டு. ஆண்பிள்ளைகளை மட்டும் ஆராய்ந்து மனித ஒழுக்கத்திற்குப் படிக்கட்டு அமைத்தது முறையா என்று கில்லிகன் 1982இல் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆண், பெண் இருபாலாரிடையே அவர் கருதிய அளவுக்கு வேறுபாடு இல்லை என்று பிற்கால ஆய்வுகள் கண்டன. இவ்வளவு போதும்.

ஏனெனில் உயிர் போகும் விவாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது.

1993இல் மிசௌரி மாநிலத்தில் கிறிஸ்டோபர் சிம்மன்ஸ் என்னும் 17 வயது இளைஞன் ஒரு பெண்மணியை அவரது வீட்டிலிருந்து கடத்திச் சென்று ஆற்றில் தள்ளிக் கொன்றான். முன்கூட்டியே திட்டமிட்ட கொலை. நாம் சிறுவர்கள், ஆகவே தப்பித்துவிடலாம் என்று கூட்டாளிகளிடம் கூறியும் இருந்தான். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 16, 17 வயதினருக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்று 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்த காலம் அது. சிம்மன்ஸின் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, அமெரிக்க உளவியல் சங்கம் தானாக முன்வந்து ஓர் அறிக்கை தாக்கல் செய்தது: இவ்வயதினர் பெரியவர்களைப் போல முதிர்ந்தவர்கள் அல்லர், உந்துதலை அடக்கும் ஆற்றல் குறைந்தவர்கள், கூட்டாளிகளின் அழுத்தத்திற்கு எளிதில் ஆட்படுபவர்கள். 2005 மார்ச் 1ஆம் நாள், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், 18 வயது நிறையாதபோது செய்த குற்றத்திற்கு மரண தண்டனை கூடாதென்று தீர்ப்பாயிற்று. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பில், முதிர்ச்சியின்மை, பிறர் அழுத்தத்திற்கு ஆட்படுதல், குணம் இன்னும் உருப்பெறாமை என்னும் மூன்று காரணங்கள் முன்னின்றன. மரண தண்டனைக் கைதிகளாக இருந்த 70க்கும் மேற்பட்டோர் அன்று தூக்கு நிழலிலிருந்து வெளியே வந்தனர்.

ஆனால் நீதிபதி ஸ்காலியா தமது மாறுபட்ட தீர்ப்பில் ஒரு முள்ளை எடுத்துப் போட்டார். 1990இல் மினசோட்டா மாநிலத்தின் வழக்கொன்று இதே நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. சிறுமி கருக்கலைப்புச் செய்துகொள்ளுமுன் பெற்றோருக்கு அறிவித்தாக வேண்டும் என்னும் சட்டம் பற்றியது அது. அன்று இதே உளவியல் சங்கம், 14, 15 வயதினரின் சிந்திக்கும் ஆற்றல் பெரியவர்களின் ஆற்றலுக்கு நிகரானது, அவர்களால் தாமே முடிவெடுக்க முடியும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. பெற்றோரைக் கேளாமல் முடிவெடுக்க 15 வயதில் முதிர்ச்சி உண்டு. கொலைக்குப் பொறுப்பேற்க 17 வயதில் முதிர்ச்சி இல்லை. ஒரே சங்கத்திற்கு இரண்டு தராசுகளா?

இக்கேள்வி வகுப்பில் விழுந்தவுடன் மாணவர்கள் தத்தம் அரசியல் சார்பின்படி இரண்டாகப் பிரிந்துவிடுவது இயல்பு. பக்கம் மாற்றிப் பேச வைக்கும் முறையின் அருமை இங்கேதான் தெரியும். சங்கம் தனக்கு வேண்டிய முடிவை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு அறிவியலைத் தேடியதா? இல்லை, இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடுமா?

இரண்டும் உண்மையாகலாம் என்று காட்ட முயன்றவர் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க். இவர் சிம்மன்ஸ் வழக்கில் சங்கம் அளித்த அறிக்கையைத் தயாரிப்பதில் துணைநின்றவர். ஆதலின் பாரபட்சமற்ற சாட்சி என்று கூற முடியாது என்பதையும் நல்ல மாணவன் குறித்துக்கொள்ள வேண்டும். 2009இல் இவரும் தோழர்களும் 10 வயது முதல் 30 வயது வரையுள்ள 935 பேரிடம் நடத்திய சோதனைகளை வெளியிட்டனர். நினைவில் நிறுத்தல், தர்க்கித்தல் போன்ற அறிவுத்திறன்கள் ஏறத்தாழ 16 வயதில் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகின்றன. உந்துதலை அடக்குதல், பின்விளைவை எண்ணுதல், கூட்டாளிகளின் அழுத்தத்தைத் தாங்குதல் ஆகியவையோ இருபதுகளிலும் வளர்ந்துகொண்டே போகின்றன. ஆகவே அமைதியாக, அவகாசத்தோடு, மூத்தோரின் ஆலோசனை கிடைக்கும் நிலையில் எடுக்கும் முடிவு ஒன்று. கோபமும் பரபரப்பும் கூட்டாளிகளும் சூழ்ந்த நொடியில் எடுக்கும் முடிவு வேறு என்றார்.

இதே கருத்துக்கு அவரும் மார்கோ கார்ட்னரும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையும் துணை நிற்கிறது. 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில் ஈடுபடுத்தினர்: 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதைக் கடந்தோர். சிலர் தனியே ஆடினர். சிலர் தம் வயதுத் தோழர்கள் இருவர் பார்த்திருக்க ஆடினர். மஞ்சள் விளக்கு எரியும்போது நிறுத்தினால் புள்ளி குறையும், நிறுத்தாவிடில் மோதலாம். தோழர்கள் பார்த்திருக்கையில் இளையோரின் துணிச்சல் வெகுவாக ஏறியது; 24ஐக் கடந்தோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. ‘என் மகன் தனியாக இருந்தால் தங்கம், நாலு பேர் சேர்ந்துவிட்டால் வேறு ஆள்’ என்று எத்தனை உம்மாமார்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்!

எதிர்த் தரப்பு எளிதில் வாய் மூடுவதில்லை, மூடவும் கூடாது. சிம்மன்ஸ் அந்த நொடியின் வெறியில் கொல்லவில்லை, திட்டமிட்டான், சட்டத்தையும் கணக்கிட்டான். அப்படியாயின் ‘சூடான நொடி’ என்னும் வாதம் அவனுக்குப் பொருந்துமா? சராசரியைக் கொண்டு ஒரு தனிமனிதனை அளக்கலாமா? 17 வயதினர் சிலர் 20 வயதினர் சிலரைவிட முதிர்ந்தவராக இருக்கலாமே, ஒவ்வொருவரையும் தனித்தனியே நோக்கினால் என்ன? இது மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஓ’கானரின் வாதம். எனக்குக் கென்னடியின் தீர்ப்பே சரியெனப் படுகிறது. உயிரைப் பறித்தபின் அளவுகோல் தவறு என்று தெரிந்தால் திருத்த வழியில்லை. ஆனால் ஓ’கானரின் கேள்விக்கு ஸ்டைன்பெர்க்கின் சோதனைகளில் விடை இல்லை என்பதையும் ஒப்புகிறேன்.

18 என்னும் கோடு ஆய்வுக்கூடத்தில் கண்டெடுத்ததன்று. வாக்குரிமைக்கும் வேறு பலவற்றிற்கும் சமூகம் முன்னமே போட்டிருந்த கோடு. ஸ்டைன்பெர்க்கின் எண்களோ இருபதுகள் வரை நீள்கின்றன. ஆகவே வாதம் மேலே ஏறத் தொடங்கியது. 2024 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், 21 வயது நிறையாதவர்களுக்கு விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனை கூடாதென்று தீர்ப்பளித்தது. 19 வயது மாணவன் இதனை எப்படிக் கேட்பான் என்று எண்ணிப் பாருங்கள். கருணையால் அவனைக் காப்பதாகச் சொல்லும் அதே ஆதாரம், அவன் கையில் வாக்குச் சீட்டையும் வாகனச் சாவியையும் வங்கிக் கடனையும் கொடுத்தது சரிதானா என்றும் கேட்கிறது. 18 வயதில் வாக்களிக்கலாம், 21 வரை மது வாங்கக் கூடாது என்று ஏற்கெனவே இரு கோடுகள் அந்நாட்டில் உள்ளன. ‘நான் பெரியவனா, சிறியவனா?’ என்பது அவனுக்குத் தேர்வு வினாவன்று.

விவாத முறைக்கு ஒரு குறையும் உண்டு. மேசைக்கு இருபுறமும் சமமான நாற்காலிகளைப் போட்டுவிட்டால் சான்றுகளும் சமம் என்னும் மயக்கம் உண்டாகிவிடுகிறது. குமரப் பருவத்தில் தூக்கம் வரும் நேரமே உடலியல்படி பின்னுக்குத் தள்ளிப்போகிறது என்பதற்குச் சான்றுகள் ஏராளம். அதனால்தான் கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கலாகாதென்று சட்டம் வந்தது. இதனைச் சரி, தவறு என்று பட்டிமன்றமாக்குவது வீண். பேருந்துக்கும் பெற்றோரின் வேலை நேரத்திற்கும் என்ன செய்வது என்று பேசினால் பயனுண்டு.

கைப்பேசியும் சமூக ஊடகமும் அப்படியல்ல. இங்கே சான்றுகளே இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன. ஜொனதன் ஹைட் 2024இல் வெளியிட்ட நூலில், குழந்தைப் பருவத்தைத் திறன்பேசி விழுங்கியதே இளையோரின் மனநலச் சரிவுக்குக் காரணம் என்றார். அவ்வாண்டே கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் என்னும் உளவியலாளர் ‘நேச்சர்’ இதழில், இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன என்பதால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகாது என்று மறுத்தார். ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகியோர் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளை அலசி, மின்னணுக் கருவிகளின் பயன்பாடு மனநலத்தின் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டையே விளக்குகிறது என்று கண்டிருந்தனர். சராசரி சிறிதாயிருக்கலாம், தாக்கம் எல்லார் மீதும் சமமாகவா விழுகிறது என்று ஹைட்டின் தரப்பினர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. நம் வீட்டில் இரவு ஒரு மணிக்கு எரியும் சிறு திரைக்கு இந்தச் சராசரிகள் விடையாகா.

ஆனால் சட்டமன்றங்கள் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில், 16 வயது நிறையாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் நிறைவேறிய சில நாட்களுக்குள், 2024 டிசம்பரில், அதே நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது: கொலை உள்ளிட்ட சில கடுங்குற்றங்களுக்குச் சிறாருக்கும் பெரியவர்களுக்குரிய தண்டனையே வழங்கப்படும். அம்மாநிலத்தில் குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது 10.